ஹில்டா டீச்சரின் இரண்டு கயிறுகள்

ஹில்டா வேதசிரோமணியை முதன்முதலில் பார்த்தபோது, இந்தப் பெண் தீபாவளிவரைகூடத் தாங்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். அறுபத்தாறாம் வருஷம், ஜூன் மாதம். மடிப்புக் கலையாத புடவையும் கறுப்புக் குடையுமாக, செருப்பு மணலில் புதையப் புதைய வந்து நின்றாள். தாம்பரத்திலிருந்து சைதாப்பேட்டைக்கு ரயில், அங்கிருந்து திருவான்மியூருக்குப் பஸ், அதற்குப் பிறகு சவுக்குத் தோப்பைத் தாண்டி எங்கள் பள்ளிக்கூடம்வரை நடை. "தினமும் இப்படியாம்மா வந்து போவே?" என்று கேட்டேன். "வந்துதானே ஆகணும் அக்கா, ஆர்டர் போட்டுட்டாங்களே" என்று சிரித்தாள். எழுபத்தொன்பதில் மாற்றலாகிப் போகும்வரை அப்படியேதான் வந்தாள், சிரித்துக்கொண்டு.

எங்களுடையது இரண்டே ஆசிரியைகள் உள்ள பள்ளிக்கூடம். நான் அமலராணி. ஒன்றாவதும் இரண்டாவதும் என் பொறுப்பு, பள்ளிக்கூடத்துச் சாவியும் என் பொறுப்பு. மூன்றாவதும் நாலாவதும் ஹில்டாவுக்கு. ஐந்தாவது கிடையாது. அவள் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டி, அதில் ஓட்டைகளுக்குப் பஞ்சமில்லை. ஆகவே இங்கே நான் சொல்வதெல்லாம் கண்ணால் பார்த்தது. யாரோ சொல்லிக் கேட்ட கதையில்லை.

பள்ளிக்கூடம் ஊருக்கும் குப்பத்துக்கும் நடுவில் இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் சுவரோரம் உட்காருவார்கள். மீன்பிடிக்கிற குப்பத்துப் பிள்ளைகள் கடல் பக்கத்து ஜன்னலோரம். நடுவில் ஒரு ஆள் படுத்துப் புரளுகிற அளவுக்கு இடம் காலியாகக் கிடக்கும், அதை ஒருவரும் தாண்ட மாட்டார்கள். ஊர்க் கர்ணம் தட்சிணாமூர்த்தியின் மகன் கங்காதரன் குப்பத்துப் பிள்ளைகள் உள்ளே வரும்போதெல்லாம் சட்டைக் காலரைத் தூக்கி மூக்கை மூடிக்கொள்வான். அவர்கள் அவன் புத்தகத்துக்குள் மணலைக் கொட்டுவார்கள். நான் பிரம்பை எடுப்பேன். பல வருஷமாக எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

ஹில்டாவிடம் வேறு வைத்தியம் இருந்தது, போட்டி. அவள் அப்பா தாம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் குமாஸ்தா. வீட்டில் ஒரு கண்ணாடி அலமாரி முழுக்க அவள் வாங்கிய பரிசுப் புத்தகங்கள்தான். ஒன்றாவது வகுப்பிலிருந்து ஆசிரியர் பயிற்சிவரை முதல் ரேங்க் தவிர வேறொன்றை அவள் கண்ணால் கண்டதில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த ஆசையை ஊட்டிவிட்டால் சண்டை போட நேரம் இருக்காது என்று நம்பினாள். சுவரில் அட்டை ஒட்டி, முந்துகிறவர் பேருக்கு நேராக நட்சத்திரம் வரைந்தாள். அவ்வளவுதான், சண்டை இரண்டு மடங்கானது. சுவரோரத்துக்கு நட்சத்திரம் விழுந்தால் ஜன்னலோரம் கல்லெறியும். பேருக்கு நேராக ஒன்றுமே விழாத பிள்ளைகள் வருவதையே நிறுத்தினார்கள். நான் தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, படித்த பெண்ணின் கெட்டிக்காரத்தனத்தை ரசித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் கணக்கில் முதலாக வருகிறவருக்கு ஒரு கலர் பென்சில் என்று சொல்லியிருந்தாள். குப்பத்துப் பெண் சரசு வென்றாள். படு சுட்டி. பென்சிலை வாங்கிக்கொண்டு இடத்துக்குப் போனாள். போன வேகத்தில் பல்லால் கடித்து அதைத் துண்டு துண்டாக்கி, தன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருத்திக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். ஹில்டா பதறிப் போனாள்.

"ஏண்டி உடைச்சே? உனக்குத்தானே குடுத்தேன்?"

"பங்கு டீச்சர்."

"பொன்னி ஒரு கணக்குகூடப் போடலையே. அவளுக்கு என்ன பங்கு?"

சரசுவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "கூட குந்திகினு இருந்தா இல்ல?" என்றாள்.

பொன்னியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். சரசு பக்கத்தில் உட்கார்ந்து, கொடுத்த துண்டைக் கையில் பொத்திக்கொண்டிருந்தாளே, அந்த ஒல்லிப் பெண். எதையும் மெதுவாகத்தான் செய்வாள். எழுத்தைக் கூட்டி முடிப்பதற்குள் மற்றவர்கள் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார்கள். ஆனால் படிப்பென்றால் உயிர். மழையிலும் ஓலையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து நிற்பாள். அவள் அம்மா காந்தா தெருத்தெருவாக மீன் விற்கிறவள். ஒரு தடவை வாசலில் கூடையை இறக்கிவைத்துவிட்டு எங்கள் இருவரிடமும் சொன்னாள்:

"நாலாவது தேறி, இங்கியே அஞ்சாவதும் வந்திச்சின்னா படிக்கட்டும் டீச்சர். இல்லாங்காட்டி எங்கூட கூடை தூக்கட்டும். நான் ஒண்டியா இன்னா பண்ணுவேன்? அவங்கப்பன் கட்டுமரத்துல வுழுந்து இடுப்பு ஒடிஞ்சி வூட்ல கெடக்கறான்."

அவள் மேல் குற்றமில்லை. ஐந்தாவது படிக்கத் திருவான்மியூர் போக வேண்டும். ஊர்ப் பிள்ளைகள் போவார்கள், குப்பத்துப் பெண்பிள்ளை ஒன்றுகூடப் போனதில்லை. ஐந்தாவது இங்கேயே வர வேண்டுமானால் பள்ளி ஆய்வாளர் வந்து நாலாவதைச் சோதித்துப் பார்த்துச் சிபாரிசு செய்ய வேண்டும். எந்தெந்தப் பிள்ளை தேறியது என்பதையும் அவரேதான் சொல்வார். பொன்னிக்கு மூவாயிரம் நாலாயிரம் என்று கழித்தல் கணக்கு வந்தாலே பலப்பம் நின்றுவிடும். அதனால் அவள் கதி என்ன ஆகும் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பென்சில் துண்டானது ஹில்டாவைத் தூங்கவிடவில்லை போலிருக்கிறது. அடுத்த சனிக்கிழமை காலை, பள்ளிக்கூடம் இல்லாத நாளில், முதல் ரயிலைப் பிடித்துக் கரைவலை பார்க்க வந்துவிட்டாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கரைவலை என்றால், படகில் போய் வலையைக் கடலில் அரைவட்டமாக விரித்துவிட்டு, அதன் இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் நின்று இழுப்பது. வடக்கே ஒரு கூட்டம், தெற்கே ஒரு கூட்டம். ஹில்டா குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இழுப்புக்குத் தலைவர் துலுக்காணம், "இன்னாம்மா சும்மா நின்னுகினு கீறே? கை வெய்யி" என்றார். கேலியாகத்தான் சொன்னார். இவள் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு நிஜமாகவே கயிற்றைப் பிடித்துவிட்டாள்.

அங்கே அவள் பார்த்ததைத்தான் நானும் பார்த்தேன். அந்தக் கடற்கரையில் அத்தனை வருஷம் இருந்தவள் நான். இருந்தும் அன்றுதான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். இழுக்க இழுக்க ஆட்கள் பின்னால் நகர்ந்துகொண்டே போனார்கள். கடைசியில் போய்ச் சேர்ந்தவர் கயிற்றை விட்டுவிட்டு நடந்து வந்து, தண்ணீரோரம் முதல் ஆளாக நின்று பிடித்தார். பலசாலி, நோஞ்சான், சின்னப் பிள்ளை, எல்லாருக்கும் முன்னால் நிற்கிற முறை வந்தது. தெம்பில்லாமல் இழுத்தவர்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வடக்குக் கயிற்றில் இருந்த இளவட்டங்கள் வேகமாக இழுத்தபோதுதான் துலுக்காணத்துக்குக் கோபம் வந்தது.

"டேய்! வடக்கால நில்லுங்கடா! இன்னாத்துக்கு ஓட்ற? தெக்கால இன்னும் வரல பாரு. வலை கோணிக்கினா மீனெல்லாம் பூடும்!"

அவர்கள் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றார்கள். தெற்குக் கயிறு நிதானமாக வந்து சேர்ந்தது. ஹில்டா என் பக்கம் திரும்பினாள். உள்ளங்கை தோல் உரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவள் கண்கள் பெரிதாக விரிந்திருந்தன.

"முந்தினதுக்காக ஒருத்தரைத் திட்டி நான் கேட்டதே இல்லை அக்கா" என்றாள்.

வலையின் மடி, அதாவது மீன் சேருகிற பை, கரைக்கு வந்து மீன் பிரித்தபோது ஹில்டாவுக்கும் ஒரு குவியல் வைத்தார்கள். இவள் தாம்பரத்து மரியாதையில், "ஐயோ, எனக்கெதுக்குங்க? வேண்டாம்" என்றாள். துலுக்காணத்தின் முகம் சுண்டிப்போயிற்று. "கை வெச்சவங்க பங்கு வாங்காம போனா நாளைக்கு வலையை எப்டிம்மா எறக்கறது?" என்றார். சுற்றியிருந்த பெண்கள் மீன் பிரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஏதோ பெரிய அபசாரம் செய்துவிட்டாள் என்பது மட்டும் ஹில்டாவுக்குப் புரிந்தது. இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். அந்த மீனைக் குடைக்குள் போட்டுக்கொண்டு அவள் மின்சார ரயிலில் போன அழகைப் பார்த்தவர்கள் பாக்கியவான்கள்.

திங்கட்கிழமை நட்சத்திர அட்டை சுவரில் இல்லை. வகுப்பை வடக்குக் கயிறு, தெற்குக் கயிறு என்று பிரித்தாள். ஒவ்வொன்றிலும் சுவரோரம் பாதி, ஜன்னலோரம் பாதி. முன்னால் நிற்கிறவர் ஒரு வரி படிப்பார், அல்லது கணக்கில் ஒரு படி போடுவார். தெரியாவிட்டால் பின்னால் இருப்பவர் சொல்லித்தருவார். பிறகு முன்னவர் பின்னால் போய்விட, அடுத்தவர் முன்னால் வருவார். ஒரு கயிறு முந்தினால் நின்றுவிட வேண்டும். தனியாகச் சிலேட்டில் போடுகிற கணக்குக்கும் அதே முறைதான். முடித்துவிட்டாலும் சிலேட்டைக் கவிழ்க்கக் கூடாது. எல்லாருக்கும் கடைசியில் முடிக்கிற பிள்ளை "வந்துடுச்சு!" என்று குரல் கொடுக்கும். அதைக் கேட்ட பிறகுதான் எல்லாச் சிலேட்டும் ஒன்றாகக் கவிழும். அந்தக் குரல் அநேகமாகப் பொன்னியுடையதாகத்தான் இருக்கும். அதுவரை வகுப்பில் வாயே திறக்காத பெண், ஒரு நாளைக்குப் பல தடவை சத்தம் போட ஆரம்பித்தாள்.

குப்பத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியே இருக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர்கள் சொல்லித்தந்தார்கள். "ஓடாதடா, நில்லுடா" என்று சரசு கங்காதரனை அதட்டுவதை நானே கேட்டேன். மழைக்காலம் முடிவதற்குள் நடுவில் கிடந்த காலி இடம் காணாமல் போயிற்று. கங்காதரன் காலரைக் கீழே விட்டுவிட்டான். எனக்கு மலைப்பாக இருந்தது. என் பிரம்பு செய்யாததை ஒரு கயிறு செய்துவிட்டதே, அதுவும் கண்ணுக்குத் தெரியாத கயிறு!

கர்ணம் தட்சிணாமூர்த்திக்கு மட்டும் ஆத்திரம் தாங்கவில்லை. நேராக வந்து நின்றார். "என் பையனை வலை இழுக்கவா அனுப்பறேன்? முன்னே எல்லாம் அவன்தான் ஃபர்ஸ்ட். இப்போ கேட்டா எல்லாரும் ஒண்ணாதான் முடிக்கிறோம்கிறான்" என்றார். ஹில்டா, "அவன் இப்போ மத்தவங்களுக்குச் சொல்லித்தரான் சார். அதனால அவனுக்குக் கணக்கு இன்னும் நல்லா வருது" என்றாள். "இன்ஸ்பெக்டர் வரட்டும், பாக்கலாம்" என்றவர், மகன் பக்கம் திரும்பி, "அவர் முன்னாடி நீ கோட்டை விட்டே, முடிச்சூர் மாமா வீட்ல கொண்டுபோய் விட்டுடுவேன். மாடு மேய்ச்சிக்கிட்டுக் கிட" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னால் செய்கிற ஆசாமி.

மார்ச் மாதத்தில் ஆய்வாளர் வந்தார். நெட்டையான, கண்டிப்பான மனிதர். ஆனால் நியாயஸ்தர். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "டீச்சர், நீங்க அந்தப் பக்கம் போயிடுங்க. நீங்க இருந்தா பிள்ளைங்க உங்க முகத்தைப் பார்க்கும்" என்று ஹில்டாவையும், கூடவே மூன்றாவது பிள்ளைகளையும் என் வகுப்புக்கு அனுப்பிவிட்டார். நாங்கள் இருவரும் தட்டி ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றோம். ஜன்னலுக்கு வெளியே கர்ணம் வந்து நின்றிருந்தார்.

"யாரும் பேசக் கூடாது. நாலாயிரத்து மூணிலிருந்து ஆயிரத்து இருநூத்து எழுபத்தெட்டைக் கழிங்க. முடிச்சவங்க சிலேட்டைக் கவுத்து வைங்க."

பலப்பங்கள் கீச்சிட்டன. கங்காதரன் உடனே முடித்துவிட்டான், சரசுவும்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராக முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஒரு சிலேட்டும் கவிழவில்லை. பொன்னி மட்டும் நெற்றி வியர்க்க எழுதிக்கொண்டிருந்தாள். ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒருத்தருக்குமே தெரியலையா?"

பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறாரே, யாரும் வாயைத் திறக்கவில்லை. ஹில்டா என் கையை நசுக்கிவிட்டாள். "அக்கா, பொன்னிக்காக நிக்கிறாங்க. நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றாள். "கொன்னுடுவேன், சும்மா இரு" என்றேன். ஆய்வாளர் பேனாவை மூடிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தார். ஐந்தாவது வகுப்பு எழுந்து வெளியே போகிறது என்றே எனக்குத் தோன்றியது.

"வந்துடுச்சு!" என்றாள் பொன்னி.

சடாரென்று அத்தனை சிலேட்டும் ஒன்றாகக் கவிழ்ந்தன. ஆய்வாளர் திடுக்கிட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். இரண்டாயிரத்து எழுநூற்று இருபத்தைந்து. எல்லாவற்றிலும் அதுவே. பொன்னியுடையதில் மட்டும் மூவாயிரத்து இருநூற்று எழுபத்தைந்து. சைபரிலிருந்து ஏழைக் கழிக்கத் தெரியாமல் ஏழிலிருந்து சைபரைக் கழித்திருந்தாள்.

எதற்காகக் காத்திருந்தீர்கள் என்று ஆய்வாளர் கேட்க, சரசு எழுந்து, "ஒர்த்தர் மின்னாடி பூட்டா வலை கோணிக்கும் சார்" என்று கயிறு விஷயத்தை ஒப்பித்தாள். அவர் மீசைக்குள் சிரித்தார். "நல்ல பழக்கம்தான். அஞ்சாவதுக்கு எழுதித் தரேன். இந்தப் பொண்ணு மட்டும் இன்னொரு வருஷம் நாலாவதிலேயே இருக்கட்டும்" என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஐந்தாவது வந்துவிட்டதே, போதும்டா சாமி! ஒரு பிள்ளை நின்றால் என்ன? ஹில்டா அப்படி நினைக்கவில்லை. முகம் வெளுத்து, தட்டியைத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தாள். அதற்குள் அங்கே வேறொன்று நடக்கத் தொடங்கிவிட்டது.

சரசு சிலேட்டில் எச்சிலைத் துப்பிப் பாவாடையால் அழித்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும் அழித்தாள். சுவரோரம், ஜன்னலோரம் என்று பார்க்காமல் ஒவ்வொரு பிள்ளையாக, சரியாகப் போட்ட கணக்கை அழித்துக்கொண்டே வந்தது. "வாணாம், வாணாம்" என்று பொன்னி அழுதாள். ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் கங்காதரன் சிலேட்டு மட்டும் மிச்சம். ஜன்னலுக்கு வெளியே அவன் அப்பா ஒற்றை விரலை உயர்த்தி ஆட்டினார். பையன் அப்பாவைப் பார்த்தான், சிலேட்டைப் பார்த்தான். பிறகு உள்ளங்கையை நக்கி, அப்பாவைப் பார்த்தபடியே அழித்தான்.

"சார், வேற கணக்கு குடுங்க சார். எல்லாரும் திரும்பப் போடறோம்" என்றான்.

"அழிச்சா உங்க மார்க்கும் போச்சு. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. மாதா கோவில் பூசையில் சாமியார் நற்கருணை அப்பத்தைத் தூக்குகிறபோதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை, ஆண்டவர் மன்னிக்கட்டும். ஆய்வாளர் அழிந்த சிலேட்டுகளை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். கடிகாரத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "டீச்சர் இருக்கிறப்போ எப்படிப் போடுவீங்களோ, அப்படிப் போடுங்க" என்று புதுக் கணக்கு ஒன்று சொன்னார்.

இரண்டு கயிறுகளும் எழுந்து நின்றன. பொன்னியைப் பிடித்துத் தெற்குக் கயிற்றின் முன்னால் நிறுத்தினார்கள். பின்னால் கங்காதரன். அவள் சைபரில் தடுக்கி நின்றாள். அவன் குனிந்து, "அது கையில ஒண்ணுமில்ல பொன்னி. பக்கத்து வூட்டுல வாங்கிக் குடுக்கும். அந்த வூட்டுலயும் இல்லைன்னா அதுக்குப் பக்கத்து வூடு" என்றான். கர்ணம் மகன் வாயில் 'வூடு'! பொன்னி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நடுவுல கீற வூட்டுக்கு ஒம்போது நிக்கும்" என்றாள். தெற்குக் கயிறு நின்றது, வந்தது, சேர்ந்தது.

ஆய்வாளர் விடவில்லை. "இப்போ இவ மட்டும் தனியா" என்று அவளைத் தன் மேசைக்கே கூப்பிட்டு மூன்றாவது கணக்கைச் சொன்னார். சைபர் மேல் சைபராக வைத்த கணக்கு. பொன்னியின் பலப்பம் மட்டும் நின்று நின்று கீச்சிட்டது. ஹில்டா தரையில் மண்டியிட்டு முகத்தைப் புடவைத் தலைப்பில் புதைத்துக்கொண்டாள்.

"வந்துடுச்சு சார்."

அவர் சிலேட்டை வாங்கிப் பார்த்தார். பேனாவைத் திறந்து, தேறியவர்களோடு பொன்னியின் பேரையும் எழுதினார். கர்ணம் ஜன்னலை விட்டு உள்ளே வந்து மகன் தோளில் கை வைத்தார். முடிச்சூர்ப் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவேயில்லை.

காந்தா வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. அவள் கூடை நிறைய மீன். அதன் பக்கத்தில் இன்னொரு சின்னக் கூடை, புதிது, இன்னும் ஈரம் படாதது. பொன்னி தேற மாட்டாள் என்று முடிவுகட்டி, அன்றைக்கே கூட்டிக்கொண்டு போக வாங்கி வந்திருக்கிறாள். ஹில்டா வெளியே ஓடினாள். "காந்தா, பொன்னி தேறிட்டா! அஞ்சாவது இங்கேயே வருது!" என்றாள். காந்தா மகளைப் பார்த்தாள். சின்னக் கூடையைப் பார்த்தாள். "அப்ப சரி டீச்சர்" என்றாள். குரல் உடைந்து போயிருந்தது. சந்தோஷமா, தனியாகச் சுமக்க வேண்டுமே என்ற மலைப்பா, எனக்குத் தெரியவில்லை.

காந்தா சின்னக் கூடையைப் பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரையில் செருகிவிட்டு, பெரியதைத் தூக்கக் குனிந்தாள். ஹில்டா மறுபக்கம் போய்க் கை கொடுத்தாள். இருவரும் சேர்ந்து தூக்கித் தலையில் ஏற்றினார்கள். மீன் தண்ணீர் ஹில்டாவின் தோளெல்லாம் வழிந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. காந்தா சவுக்குத் தோப்புப் பக்கம் நடந்தாள். கொஞ்ச தூரம் போய், தலை ஆடாமல் உடம்பை மட்டும் திருப்பி, "கிளாஸுக்குப் போடி" என்று பொன்னியை அதட்டிவிட்டு, தனியாகப் போனாள்.